ராணிக்கு அடைத்த தோட்டாக்கள்

இந்த மேசை ஒரு பக்கம் ஆடுகிறது, சார். அட்டையை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தால் நின்றுவிடும். தப்பாக நினைக்க வேண்டாம், ஆடுகிற மேசையைப் பார்த்தால் எனக்கு மனசு நிலைகொள்ளாது. இருபது வருஷமாகத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து பிழைத்தவன் நான்.

பெயர் வீரப்பன். வயது ஐம்பத்தாறு. ஊர் வில்லியனூர் பக்கம். முதலில் சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் எடைப் பிரிவில் இருந்தேன். அதை மூடியதும் அருள்முருகன் அய்யா தன்னுடைய துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பாகூர் போகிற வழியில் அவருடைய கரும்புக் கொல்லையை ஒட்டியே கிளப். உறுப்பினர்கள் பழகுவதற்கான பிஸ்டல் தோட்டாக்களை அங்கேயே அடைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து மூடித் தருவது என் வேலை.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் ஆண்டனியை இரண்டு நாளாக உட்காரவைத்திருக்கிறீர்கள். துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவன் அவன். பிஸ்டல் வெடித்ததற்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

தோட்டா அடைப்பது ஏதோ பயங்கரமான வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆளுக்குத் தகுந்த மாதிரி பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அருள்முருகன் அய்யாவுக்குச் சுடும்போது பிஸ்டல் பின்னால் உதைக்கிற உதை கையில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சுட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டர் வருவார், அவருக்கு உதையே ஆகாது. மருந்தில் சட்டென்று எரிவது உண்டு, நின்று எரிவது உண்டு. குண்டில் மூக்கு உருண்டது உண்டு, மழுங்கியது உண்டு. மழுங்கிய ஈயக்குண்டு தாளில் கத்தரித்த மாதிரி வட்டமாகத் துளை போடும், புள்ளி எண்ண வசதி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. சுடுகிறவருடைய கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மருந்து முன்னே பின்னே இருந்தால் குண்டு மேலும் கீழுமாகத்தான் போய் விழும். என் தோட்டாவில் அந்தக் குறையை யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விஜயராணி என் மகள். வீட்டில் ராணி. கல்லூரி விட்டதும் கிளப்புக்கு வந்து இலக்குத் தாள்களை ஒட்டிக் கொடுப்பாள். ஒருநாள் அய்யா விளையாட்டாக அவள் கையில் பிஸ்டலைக் கொடுத்தார். முதல் பத்தில் ஏழு குண்டு நடு வட்டத்துக்குள் போனது. அய்யா தாளைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்து, "இன்னா வீரப்பா, வூட்லயே இப்பிடி ஒரு கைய வெச்சிக்கினு எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி சொல்கிறார், மகள் சிரிக்கிறாள், நான் என்ன சொல்ல முடியும்?

ஒரு வருஷத்தில் மாநிலப் போட்டியில் ஜெயித்தாள். அதற்குப் பிறகுதான் துணை ராணுவப் படையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்ற பேச்சு வந்தது. தேர்வானால் வடக்கே முகாம். அங்கேயே தங்கல், அங்கேயே பயிற்சி, வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அவள் அதை என்னிடம் சொன்னபோது முகமெல்லாம் சந்தோஷம். நானும் நல்லது என்றேன்.

என் மகன் கலைவேந்தன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரிஸ் போனவன். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்றான். ஒன்பது வருஷம் ஆகிறது. அவனுடைய அம்மா ருக்குமணி பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தபோது வீடியோவில்தான் முகம் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் ராணியும்தான். அவள் சாயங்காலம் பத்து நிமிஷம் பிந்தி வந்தாலே எனக்குக் கை கால் ஓடாது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, சார். இருந்த நிலையைச் சொல்கிறேன்.

முதல் தேர்வுக்கான கடிதம் வந்த அன்று மத்தியானம் அவளுக்காக ஐம்பது தோட்டா அடைத்தேன். அவளுக்கென்று நான் தேர்ந்தெடுத்திருந்தது சட்டென்று எரிகிற மருந்து. கொஞ்சமாகத்தான் போட வேண்டும், கூட்டின் அடியில் கிடப்பது கண்ணுக்கே தெரியாது. ஒன்றில் சரியாகப் போட்டேன், அடுத்ததில் துளி குறைத்தேன், அதற்கடுத்ததில் இன்னும் துளி. கை தவறிவிட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தராசில் உட்கார்ந்தவனுக்குக் கை ஐம்பது தடவை தவறாது.

அவளுடைய பெட்டி மூடியில் மட்டும் மஞ்சள் நூல் கட்டிவைப்பேன். மற்றவர்களுக்கு மாறிப் போய்விடக் கூடாது, பாருங்கள். அடுத்தவர் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததில்லை.

அந்தத் தேர்வில் புள்ளிகள் பத்து, ஆறு, ஒன்பது, ஏழு என்று சிதறிப் போனது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கை நடுங்கவே இல்லப்பா. அப்பறம் ஏம்ப்பா இப்பிடி போவுது?" என்றாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினேன். இரவு அவளுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன். அடுத்த வருஷமும் அப்படியே ஆனது.

அவள் தன் மணிக்கட்டுதான் பலவீனம் என்று முடிவு கட்டிவிட்டாள். செவ்வாய், வெள்ளி பஸ் ஏறிப் போய் மணிக்கட்டுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டாள். காலையில் செங்கல்லை நீட்டிய கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். நானே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். ஒருமுறை ஆண்டனி, "வேற பொட்டியில ஒரு பத்து சுட்டுப் பாரேன் பாப்பா" என்றான். அவளே மறுத்துவிட்டாள். "எங்கப்பா போட்டதுதான் எனக்கு ராசி" என்றாள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. தோட்டா மந்தமாகச் சத்தம் போட்டால், சுடுவதை அந்த இடத்திலேயே நிறுத்தி, பிஸ்டலைக் கீழே வைத்துவிட வேண்டும். குண்டு குழாயிலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ராணிக்கும் தெரியும். ஆனால் மூன்று வருஷமாக, பழகும்போதும்கூட, அவள் சுட்டதெல்லாம் நான் அப்படி முன்னே பின்னே அடைத்த தோட்டா. ஒன்று உரக்கக் கேட்கும், ஒன்று அமுங்கிக் கேட்கும். மருந்து போதாமல் சில சமயம் கூடு தானாக வெளியே விழாது, கையால் இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடுவாள். அவள் காதுக்கும் கைக்கும் அது பழகிப்போயிருந்தது. மந்தமான சத்தம் மற்றவர்களுக்கு எச்சரிக்கை. அவளுக்கு அது அன்றாடம். இதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

இந்த வருஷம் அதிகாரிகள் இரண்டு பேர் எங்கள் கிளப்புக்கே வந்து தேர்வு வைத்தார்கள். முந்தின நாள் அருள்முருகன் அய்யா என்னைத் தட்டிக்கொடுத்து, "இந்த தடவ போட்டிக்கு ஆளே கம்மி வீரப்பா. சுமாரா சுட்டாலே எடுத்துக்குவாங்க. பொட்டி படுக்கைய கட்டச் சொல்லு" என்றார். சுமாராகச் சுடவைத்தால் போதாது என்று ஆகிவிட்டது. எனக்கு வேறு வழி விட்டுவைக்கவில்லை யாரும்.

அன்று பிற்பகல் அடைத்த பெட்டியில் ஒரு தோட்டாவில் நான் மருந்தே போடவில்லை. ஒன்றே ஒன்றுதான். கூட்டின் அடியில் பொட்டு வெடி மாதிரி இருக்கிற கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைக் குழாய்க்குள் தள்ளும், அங்கேயே நின்றுவிடும். அவள் விதிப்படி பிஸ்டலைக் கீழே வைப்பாள். மீதிச் சுற்று போய்விடும், வேலையும் போய்விடும். ஒருத்தருக்கும் கீறல்கூட விழாது. இதுதான் என் கணக்கு. விதியை நம்பித்தான் செய்தேன், சார்.

காலை பத்தரை மணி. வரிசையில் மூன்று பேர் சேர்ந்து சுட்டார்கள். எல்லோர் காதிலும் அடைப்பு இருந்தது. ஆண்டனி அந்தக் கோடியில் இன்னொருவனுக்கு உதவிக்கொண்டிருந்தான். ராணிக்கு நேர் பின்னால் நின்ற நான் மட்டும் காதடைப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். மூன்றாவது குண்டுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டின மாதிரி இருந்தது.

அவள் பிஸ்டலைக் கீழே வைக்கவில்லை. கூடு சிக்கியிருக்கிறது என்று நினைத்து, பழக்கப்படி இடது கையால் இழுத்துவிட்டாள். மறுபடி கையை நீட்டினாள். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தினாள், எப்போதும் அப்படித்தான் செய்வாள். நான் அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றேன். கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம்.

நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். நிறுத்தச் சொன்னால் பெட்டியை வாங்குவார்கள், மிச்சத் தோட்டாவைப் பிரித்து எடை போடுவார்கள், மூன்று வருஷமும் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள். இவ்வளவையும் நான் யோசித்து முடித்தேன். அவ்வளவு நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், ஆண்டனியை அனுப்பிவிடுங்கள். ராணிக்கு மட்டும் இதைப் படித்துக்காட்ட வேண்டாம். தினமும் அவள், "நான்தான் கவனிக்காம உட்டுட்டேனாப்பா?" என்று கேட்கிறாள். அதெல்லாம் இல்லை, விதி என்று சொல்லி வருகிறேன். அப்படியே இருக்கட்டும்.

அவளுக்கு வலது கையில் கட்டைவிரலும் அதை ஒட்டிய இரண்டும் போய்விட்டன. இந்தப் பதினெட்டு நாளாக மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள். சின்னப் பிள்ளையில் ஊட்டினதைவிட நன்றாக. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவளுக்குப் பிடி தடித்த ஒரு ஸ்பூனைக் கொடுத்தாள். ராணி இடது கையால் நாலு வாய் தானாகவே அள்ளிச் சாப்பிட்டாள். அந்தப் பெண் கை தட்டினாள். இடது கையால் சாப்பிடுவது நம் வழக்கமா, சொல்லுங்கள். கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி அதைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், சார்? ஒரு மணிக்குள் முடித்துவிட்டால் நல்லது. ராணி சாப்பிடாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாள், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?