பழைய பட்டியல்

காலை ரயிலில் ராசா ஸ்டேஷனில் ஏறிய இளம் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த கணவன் சொன்னான்:

"எல்லா கமாண்டும் உள்ளதான் இருக்கு. எதக் கேட்டாலும் காணோம்ங்குது. பத்து மணிக்கு பாஸ் முன்னால புரோகிராம ஓட்டிக் காட்டணும்லா."

"என்ன செஞ்சீங்க?"

"கமாண்ட எங்கெங்க தேடணும்னு சொல்ற 'பாத்'னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல புது ஃபோல்டரையும் சேக்கணும். நான் பழசையெல்லாம் தூக்கிட்டு, புதுச மட்டும் போட்டுட்டேன்."

"நம்ம கல்யாணத்துக்கு அழைக்கிறப்ப நீங்க குடிபோன புது தாமான் ஆளுங்கள மட்டும் எழுதிட்டு, பழைய தோட்டத்து லயத்து ஆளுங்கள விட்டீங்களே, அந்த மாதிரியா?"

அவள் விடவில்லை:

"அன்னிக்குப் பந்தி பரிமாறக்கூட ஆளில்ல."

நான் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டேன்.

"இது அப்படியில்லலா. நான் மாத்துனது இந்த ஒரு விண்டோவுக்கு மட்டும்தான். மூடிட்டுப் புதுசா தொறந்தா, பழைய பட்டியல் தானா வந்துரும்."

மூடினான், திறந்தான், பழையதோடு புதியதையும் சேர்த்துத் தட்டினான். அடுத்த ஸ்டேஷனான பத்தாங் காலி வருவதற்குள் எல்லாம் வேலை செய்தது.

"பாத்தியா, ஒண்ணு விடாம வந்துருச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க லயத்துப் பெரியப்பாதான் இன்னும் வீட்டுப் பக்கம் வரல."