பக்கத்து அறை

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் என்ன தொழில் செய்யலாம் என்று நான் மூன்று வாரம் யோசித்தேன். எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை நான். கேக் செய்து விற்கலாமே என்றார் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. அடுப்புப் பக்கம் அம்மாவை விட முடியாது. துணி வாங்கி விற்கலாம் என்றால், மடித்து வைத்ததையெல்லாம் அம்மா பிரித்துப் போட்டுவிடுவாள். கடைசியில் கணக்கு வகுப்பு என்று முடிவு செய்தேன். ஒரு மேசை, ஒரு கணினி, கையில் ஏற்கெனவே இருந்த பட்டம். வேறென்ன வேண்டும்?

அதற்கு முன் பதினொரு வருஷம் மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு மறதி முற்றி, ஒரு மத்தியானம் நைட்டியோடு நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். மறுநாளே வேலையை விட்டேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பி போனில் அழுதான்.

"நீ வீட்டுல இருக்கறதாலதான்க்கா நான் நிம்மதியா இருக்கேன். நீ தெய்வம்க்கா."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் அப்படிச் சொன்னான்.

ஆறு பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. அம்மா பக்கத்து அறைக் கட்டிலில் இருப்பாள். "ஏழெட்டு எவ்வளவு?" என்று நான் கேட்டால், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து "அம்பத்தாறு" என்று குரல் வரும். என் பெயரை மறந்துவிட்டவளுக்கு வாய்ப்பாடு மறக்கவில்லை. அவளுக்கு நான் டீச்சர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மிஸ், இன்னிக்கும் பாட்டிதான் ஃபர்ஸ்ட்" என்பான் ஒருவன். நானும் சிரித்தேன்.

பெற்றவர்கள் சிரிக்கவில்லை. "மேடம், கவனம் சிதறுது. ஏதாவது பண்ணுங்க" என்றார் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்துக்கொண்டு எந்தத் தொழிலும் உருப்படாது. இறங்கினால் முழுதாக இறங்க வேண்டும். ராத்திரித் தூக்கத்துக்கென்று டாக்டர் அரை மாத்திரை எழுதியிருந்தார். பகலிலும் ஒரு அரை, வகுப்புக்கு முன்னால், பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். அம்மா குழந்தை மாதிரி தூங்கினாள். வகுப்பு நன்றாக நடந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் சேர்ந்தார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று வகுப்பு கூடக் கூட, மாத்திரையும் கூடியது. சாப்பாடு குறைந்தது. நடை நின்றது. இனி ரோட்டுக்குப் போகமாட்டாள் என்று எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

"உங்கம்மா சத்தமே காணோமே?" என்று ஒரு நாள் தையல்கார அக்கா கேட்டார்.

"இப்பல்லாம் நல்லா தூங்கறாங்கக்கா."

"குடுத்துவெச்சவங்க."

அம்மாவும் ஒரு தடவை கேட்டாள். கண்ணைத் திறக்க முடியாமல் என் கையைத் தடவிக்கொண்டே, "டீச்சர், எனக்கு ஏன் இப்படித் தூக்கம் வருது? பாடம் கேக்கணும்னு ஆசையா இருக்கே" என்றாள்.

"வயசாயிடுச்சில்லம்மா" என்றேன். அன்றைக்கு மட்டும் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை என் வகுப்பைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்துப்போனால் அவர்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னிடம். திரையில் நாற்பது முகங்கள். காலையில் அம்மாவுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே கொடுத்திருந்தேன். எவ்வளவு என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இன்ஸ்பெக்டர். தெரியாமல் கொடுக்கவில்லை. எந்த மாத்திரை என்ன செய்யும் என்று ஊருக்கே சொன்னவள் நான்.

கால் மணி நேரம் போயிருக்கும். பின்னங்களைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா குமட்டுவது கேட்டது. அப்புறம் தொண்டையில் மூச்சு அடைக்கிற சத்தம். மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போனேன். மல்லாந்து கிடந்தாள். குடித்த பால் வாய்வரை எதுக்களித்து நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் போதும். அதுவும் எனக்குத் தெரியும். கையை என் பக்கம் நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்மா, வந்துடறேன்" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து மைக்கைப் போட்டேன். மீதி நாற்பது நிமிடமும் பாடம் நடத்தினேன். குரல் எங்கேயும் நடுங்கவில்லை, பதிவைக் கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியை கடைசியில் கைதட்டினார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை. கோபம் தணிந்தால் புரிந்துகொள்வான். அம்மாவின் கடைசி நேரத்தில் அவன் எங்கேயோ இருந்தான். நான் பக்கத்து அறையில் இருந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கிறது, சொல்லுங்கள்.