தூள் போக ஒரு வழி

ரம்பத்தூளால் பெரிய தொல்லை கிடையாது, சார். அது கனம். விழுந்த இடத்திலேயே கிடக்கும், துடைப்பத்துக்கு அடங்கும். வெந்நீர் அடுப்பு எரிக்கக்கூட ஆகும். உப்புத்தாள் போடும்போது கிளம்புகிற தூள் அப்படியில்லை. அது மைதாவைவிட மெல்லியது. மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றிலேயே நிற்கும். ஜன்னல் வெயிலில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெயில் நகர்ந்ததும் தூள் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

நான் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன். பகலில் தூங்க முடியாததால் அந்த வேலை நிலைக்கவில்லை. பிறகு தொம்மலூரில் எங்கள் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டின் முன்னறையில் மேசை போட்டுப் பூஜை மண்டபம் செய்ய ஆரம்பித்தேன். ஏர்போர்ட் ரோடு பக்கம் ஃபிளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். குடிவருகிறவர்களுக்குச் சுவரில் மாட்டுகிற சின்னத் தேக்கு மண்டபம் வேண்டியிருந்தது. செய்தவன் பெயர் ஓஸ்வால்ட் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கையால் தடவிப் பார்ப்பார்கள். வழவழவென்று இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்த வழவழப்புக்காக உதிர்வதுதான் நான் சொல்கிற தூள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா இறந்ததும் நானும் என் அண்ணன் ஆம்ப்ரோஸும் நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்துக்கொண்டோம். சுவரை ஓடு வரைக்கும் எழுப்பவில்லை. ஓர் ஆள் படுத்து நுழைகிற அளவுக்கு மேலே இடைவெளி விட்டோம். உச்சியில் ஒரே ஒரு டியூப்லைட்டைக் கட்டினால் இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும், கரண்ட் மிச்சம் என்று அண்ணன்தான் சொன்னான். எங்கள் தெருவில் பிரித்த வீடுகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் வெளிச்சம் போகிற வழியில் மற்றதும் போகும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. கண்டோன்மென்ட்டில் ஒரு கிளப்பில் சாப்பாடு பரிமாறுகிற பேரராக இருந்தான். சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் நின்று இருமுகிறான் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் இல்லை. அதன்பிறகு நாள் முழுக்க வீட்டில்தான். நான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் சுவருக்கு மேலே அவன் இருமல் வரும். இருமல்கூடப் பரவாயில்லை. ஓர் இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்துக்கொண்டு கிடப்பதுதான் கஷ்டம். அப்படிக் காத்துக் கிடந்தே தூக்கம் கெட்டு, மெஷின் முன்னால் அசந்துபோய் இந்த இரண்டு விரல்நுனிகளையும் கொடுத்தேன். வேலையும் போயிற்று. அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று எழுத வேண்டாம். யாராவது வேண்டுமென்றே இருமுவார்களா.

தூளைப் பற்றி நான் யோசித்தது என் மகள் ஷீபாவுக்காக. அவளுக்கும் இழுப்பு வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. தூளை நிறுத்து, இல்லையென்றால் பிள்ளையை வேறு இடத்தில் வை என்றார் டாக்டர். வேலையை நிறுத்தினால் சோறு இல்லை. வேறு இடமும் இல்லை.

ஈரக் கோணிகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். காய்ந்ததும் அவையே தூளை உதறின. சிவாஜி நகரில் பழைய சாமான் விற்கிற குஜிரிக் கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை எடுத்துவந்து மேசைக்கு மேலே தகரக் கூடு செய்து பொருத்தினேன். அதன் வாயில் துணிப்பையைக் கட்டினேன். பெரிய தூளெல்லாம் பையில் நின்றது. நெஞ்சுக்குள் போகிற தூள் துணியைத் தாண்டித் திரும்ப அறைக்கே வந்தது. பையைக் கழற்றிவிட்டுத் தெருப்பக்கம் குழாய் விட்டேன். எதிர்வீட்டு சின்னப்பா, கொடியில் போட்ட வேட்டியெல்லாம் மஞ்சளாகிறது, கார்ப்பரேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். வீட்டுக்குள் பட்டறை வைக்க என்னிடம் லைசென்ஸ் இல்லை. பிறகு ஓட்டைப் பிரித்துக் குழாயை மேலே விட்டேன். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. குழாயைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, செய்து வைத்திருந்த மண்டபங்கள் ஊறிப்போயின.

மிச்சம் இருந்தது சுவருக்கு மேலே உள்ள இடைவெளி.

திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, சார். அண்ணனைக் கேட்டுத்தான் செய்தேன். குழந்தை மூச்சு விடுகிற சத்தம் அவன் பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"புள்ளைக்குன்னா அனுப்புடா. என் நெஞ்சு ஏற்கெனவே ஷெட்டுக்குப் போன வண்டிதானே," என்றான். பிறகு, "மழை நிக்கிற வரைக்கும்தான், ஆமா," என்றான்.

குழாயின் வாயை அவன் பக்கம் திருப்பினேன். ஷீபா தூங்கினாள். என் மனைவி ரெஜினா சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடிந்தது. என் அறையில் ஜன்னல் வெயில் வெறும் வெயிலாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பட்டறையை நீங்கள் பெங்களூரில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அண்ணன் முதலில் கிண்டல்தான் செய்தான். "ஏன்டா ஓஸி, மண்டபம் சாமிக்கு, விபூதி எனக்கா?" என்று சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்பான். ஃபாதர் வந்து பார்த்தால் மதம் மாறிவிட்டேன் என்று பயந்துவிடுவார் என்பான். அப்புறம் கிண்டல் குறைந்தது. பேச்சும் குறைந்தது. ஒன்றைக் கவனித்தேன். இருமுவதற்கும் மூச்சு வேண்டும். மூச்சு குறைந்தவனின் இருமல் சின்னதாகிவிடுகிறது. நான் மதியத்தில் தூங்க ஆரம்பித்தேன்.

மழை நின்றது. அவன் கேட்டான். இந்த ஆர்டர் முடியட்டும் என்றேன். மறுபடியும் கேட்டான். ஓடு எடுக்க ஆள் வேண்டும் என்றேன். அதெல்லாம் உண்மைதான்.

ரெஜினா அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து, "அவரு ஒக்காந்துக்கிட்டேதான் தூங்குறாருங்க. படுத்தா மூச்சு முட்டுதாம். மழைதான் நின்னுபோச்சே, அந்தப் பைப்பை மேல ஏத்துங்க," என்றாள்.

"ஏத்தலாம்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வாரக் கடைசியில் ஷீபாவைக் கூட்டிக்கொண்டு தங்கவயலில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அண்ணனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாள் அவன் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த இடைவெளி நெடுகப் பெட்ஷீட்டைக் கட்டிவிட்டான். ஏறி இறங்குவதற்குள் அவன் பட்ட பாடு எனக்குக் கேட்டது. பெட்ஷீட் டியூப்லைட்டை மறைத்தது. நுணுக்கமான வேலைக்கு எனக்கு வெளிச்சம் வேண்டும். நான் ஏறி அதை அவிழ்த்து, மடித்து, அவன் பக்கமே போட்டேன். அவன் மறுபடி ஏறவில்லை. ஏற முடியாது என்று எனக்குத் தெரியும்.

குழாய் என் மகளுக்காகத்தான் அங்கே இருந்தது. அவள் திரும்பி வரும்போது அறை சுத்தமாக இருக்க வேண்டாமா.

அண்ணனின் அடக்கத்துக்கு வந்த ரெஜினா அவன் கட்டிலைப் பார்த்தாளாம். தலையணை, தண்ணீர் சொம்பு, மாதா படம், அவன் இமை, எல்லாம் தேக்கு நிறத்தில் இருந்ததாம். அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் நல்ல மனிதர். தெரியாமல் நடந்துவிட்டது, பிள்ளைக்காகச் செய்தான் என்று எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி நாளைப் பற்றி எதிர்வீட்டு சின்னப்பாவைக் கேட்டால் உங்கள் எழுத்து நிற்காது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையிலேயே கையில் இருந்த கடைசி மண்டபத்தை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். சின்னப்பா ஒரு கை பிடித்தார். அடுத்த ஆர்டர் எதுவும் இல்லை என்று அவரிடமே சொன்னேன். மேசையைத் துடைத்துவிட்டுப் பாயில் படுத்தேன். வீடு அமைதியாக இருந்தது. வெகுநேரம் கழித்து அண்ணன் பேசினான்.

"ஓஸி... இன்னிக்கு மெஷின் ஓடலியே. நல்லா இருக்குடா. கொஞ்சம் மூச்சு வருது."

அவன் இருமினான். சின்ன இருமல் இல்லை, பழைய இருமல். நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன். அதுவும் வந்தது.

எழுந்து ஃபேனைப் போட்டேன். மூலையில் கிடந்த தேக்குத் துண்டு ஒன்றை எடுத்தேன். எதற்கும் ஆகாத துண்டு. மெஷினில் வைத்து, கையில் பிடிக்க ஒன்றுமில்லாமல் போகும்வரை தேய்த்தேன். பிறகு இன்னொன்றை எடுத்தேன்.