எதிர்க்குழாய்

கிட்டே வாருங்கள். நண்பன் ஒருவனின் மைத்துனனுக்கு நடந்தது இது.

காலை ஐந்தரை. ஊரடங்கு. சாலையில் ஈ காக்கை இல்லை. அவன் பல் துலக்கினான், டீ குடித்தான், ஆஸ்பத்திரிக்கு நடந்தான். ரத்தப் பரிசோதனை அறையைத் திறந்தான். ஸ்பிரிட் வாடை. மாஸ்க். கையுறை. தினமும் இதேதான்.

கொரோனா வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை மிஷினில் போட்டுச் சுற்றவிடுவான். சிவப்பு அடியில் படியும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதில் ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் எண்ணைப் பார்ப்பான். எண் ஏறினால் ஆள் தேறுவது கஷ்டம். ஒரு குழாய் வைத்தால் எதிர்க்குழியில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய எதிர்க்குழாய் வைக்க வேண்டும். இல்லையென்றால் மிஷின் வெறிபிடித்துக் குதிக்கும்.

அந்த வார்டில்தான் அவன் மனைவியும் கிடந்தாள். போனில் மூச்சிரைக்கக் கேட்பாள்.

"என்ன காட்டேரி சார்... இன்னிக்கு என் ரத்தம் ருசியா?"

"அமிர்தம்டி."

எண் ஏறிக்கொண்டே போனது. அவன் நம்பவில்லை. அவள் குழாயை மட்டும் மறுபடி சுற்றவிடுவான். மறுபடியும். கொஞ்சமாவது குறையாதா என்று...

போய்விட்டாள்.

மறுநாள் காலையும் அவன் வேலைக்கு வந்தான். பிரிட்ஜில் அவளுடைய கடைசிக் குழாய், ஜில்லென்று.

"மிஷின்தான் பொய் சொல்லுச்சு" என்றான், யாருமில்லாத அறையில். குழாயை வைத்தான். மூடினான். பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது... எதிர்க்குழாய் வைக்கவில்லை.

மிஷின் குதிக்கவில்லை. சீராகச் சுற்றியது. எதிரே சரியான எடையில் ஏதோ இருப்பதுபோல.

அப்புறம் உள்ளேயிருந்து... டக். டக். டக்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். இன்னும் வேகமாகச் சுற்றியது. ஸ்டூலைத் தூக்கி மூடியில் ஓங்கி அடித்தான். மூடி பிளந்தது. கண்ணாடிச் சில்லுகள் கன்னத்தில் பாய்ந்தன. வெறும் கையை உள்ளே விட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம். இரண்டு விரல்கள் சுவரில் போய் மோதி விழுந்தன. சுவரெல்லாம் ரத்தம். எது அவனுடையது, எது அவளுடையது...

நின்றது.

எதிர்க்குழியில் ஒரு கொத்து நீளமான முடி. இறுகச் சுற்றியிருந்தது. வேரோடு தோலும். தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

அவள் கடைசியாகப் போனில் பேசியபோதும் மிஷினில் அவள் குழாய்தான் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்திருந்தான்.

"தலை சுத்துதுங்க... நிறுத்துங்களேன்."