செந்தாமரையிடம் அப்பா பேசியது

போனில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே குரல். அவர் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், காய்ச்சல் என்று படுத்தால் நானே அவராகப் பேசி லீவு சொல்லியிருக்கிறேன். போர்மேன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சார், நீங்கள் வழக்கு எழுதுவதற்கு முன்னால் என் தங்கை செந்தாமரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே கான்ட்ராக்டில் வந்த வடநாட்டு இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு வடக்கே கோர்பாவுக்குப் போனவள். ஒன்பது வருஷம் அப்பா அவளோடு பேசவில்லை, சொந்தக்காரர்களும் பேசவில்லை. அந்த ஒன்பது வருஷமும் என் குவார்ட்டர்ஸில் வைத்து அவரைப் பார்த்துக்கொண்டது நான்.

தை மாதம் அப்பா இறந்தார். காடாம்புலியூரில் பூர்வீக முந்திரித் தோப்பு இருக்கிறது. சட்டப்படி அவளுக்கும் பாதி. அதை விட்டுக்கொடு என்று நான் கேட்டால், "நேர்ல வந்து பேசிக்கலாண்ணா" என்பாள். அப்பா கேட்டால் மறுபேச்சு இருக்காது. அதனால் அவளுக்குச் சாவைச் சொல்லவில்லை. "சொல்லிட்டேன், வரமாட்டேன்னுட்டா" என்று எல்லோரிடமும் சொன்னேன். பிணத்தை வைத்துக்கொண்டே அவளைத் திட்டினார்கள்.

கருமாதி முடிந்து மூன்று வாரம் பொறுத்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. குவார்ட்டர்ஸ் பிளாக்கை நான்கு முறை சுற்றிவந்துதான் போன் போட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம், நாக்கு குழறுகிறது என்று முதலில் நான் பேசினேன். பிறகு அவரிடம் கொடுத்தேன்.

"தாமர, அப்பாவுக்கு ஒம்மேல கோவம் இல்லம்மா. ஒன்னத்தான் நெனச்சிகினே இருக்கேன்."

அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வெறும் நடிப்பென்றால் கலங்குமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேசினார். "நா வரட்டாப்பா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டாள். "ஒடம்பு கொஞ்சம் தேறட்டும்மா" என்றார். நாலாவது ஞாயிறு, தோப்பில் அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தைப் பற்றிச் சொன்னார். "நீ கேட்டு நா இல்லன்னு சொல்வனா?" என்றாள். தபாலில் அனுப்பினேன். அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். படிக்கவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும்; முதல் வரியிலேயே 'காலஞ்சென்ற பழனிசாமி' என்றுதான் அப்பா பெயர் இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை சார்.

போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் வந்து நின்றாள். கையில் அவருக்கென்று ஒரு புது ஊன்றுகோல். ஹாலில் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எங்கூடப் பேசினது யாருண்ணா?" என்று கேட்டாள். அதிலிருந்து எங்கே போன் அடித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

செத்தவர் பெயரில் பொய் மன்னிப்பைச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்கிறீர்கள். அங்கேதான் தப்பாக நினைக்கிறீர்கள். அந்த வார்த்தைகள் நான் கட்டியவை இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள், கண் திறந்த போதெல்லாம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தாமரைக்கு போன் போடுடா. அப்பாவுக்கு ஒம்மேல கோவம் இல்லம்மான்னு சொல்லு. ஒன்னத்தான் நெனச்சிகினே இருக்கேன்னு சொல்லு." நான் வராந்தாவுக்குப் போவேன். போனைப் பையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எடுக்கலப்பா" என்று திரும்பி வருவேன். கதவைப் பார்த்தபடியே போய்விட்டார்.

அவர் சொல்லச் சொன்னதை ஒரு சொல் மாறாமல் அவளிடம் சேர்த்துவிட்டேன். நாற்பது நாள் தாமதம், அவ்வளவுதான்.