வாசலில் மாற்றிய கொடி

அந்தமானில், சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில் எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கல்லூரி வேலைக்கு இன்டர்வியூ முடித்து வருகிறாள்; அன்று வேலை கிடைத்தவர் அந்தப் படகில் இல்லை.

“பாடத்துல ஒண்ணுமே கேக்கலப்பா. உங்க வீட்டு வாசல்ல இப்ப யார் கொடின்னுதான் கேட்டாங்க.”

ஹேடோ துறைமுகத்தில் தொழிலாளர் சங்கம் நடத்தியவராம் அப்பா. “அதான் போன வாரமே சங்கக் கொடிய எறக்கிட்டேனேம்மா. மெயின்லேண்ட்லேர்ந்து இன்டர்வியூ எடுக்க வர்றவங்க அந்தக் கட்சின்னு பக்காவா சொன்னாங்க. அவங்க கொடியத்தானே கட்டினேன்.”

“கேட்டது அவங்க இல்ல. அவங்களோட உக்காந்திருந்த நம்ம புரொபசர் மாமா.”

“நம்ம சங்கத்து ஆளும்மா அவரு, சுனாமியப்ப நம்ம வீட்டுக்குக் கூரைத் தகரம் தூக்கினவரு.”

“உள்ள எனக்காகப் பேச இருந்தது அவர் ஒருத்தர்தான். தினம் நம்ம வாசல் வழியாத்தானே போறாரு? ‘உங்கப்பாவே அந்தப் பக்கம் போயாச்சு, இனி நான் எதுக்கு’ன்னு பேனாவ மூடிட்டாரு. அவங்க ஆள அவங்க எடுத்துக்கிட்டாங்க.”

“அந்தக் கட்சிக்காரங்க நம்ம கொடியப் பாக்கலியா?”

“அவங்க ஏர்போர்ட்லேர்ந்து நேரா காலேஜுக்கு வந்தாங்கப்பா. பாம்பூஃப்ளாட் எங்க இருக்குன்னே தெரியாது.”

“அரே.”

“ஆறு வருஷமா கெஸ்ட் லெக்சரரா கெடந்தது இந்த ஒரு போஸ்டுக்குத்தான். கொடி சும்மா காட்டத்தான்னு மாமாகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

படகு கரையை நெருங்கியது. மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எவ்வளவு குடுத்தீங்க அந்தக் கொடிக்கு?”

“கம்பத்தோட முந்நூத்தம்பது.”