அந்த உடம்பைத்தான் கட்டிக்கினேன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு அம்மாவும் அவருடைய கொழுந்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன் போய் மூணு மாசம் ஆச்சி அண்ணி. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கறது வெறும் உடம்புதான்" என்று அவர் சொன்னதும் என் காது அந்தப் பக்கம் போனது.

"யாரு சொன்னது?"

"இனிமே நினைவு திரும்பாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆத்மா எப்பவோ போயிடுச்சின்னு பூசாரியும் சொல்றாரு. மூக்குக் குழாய எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டாந்துடலாம்."

"நேத்து உள்ளங்காலத் தொடைக்கும்போது உங்க அண்ணன் காலை இழுத்துக்கினாரே. ஆத்மா போயிருந்தா யாரு இழுத்தது?"

"அது நரம்பு அண்ணி."

"இருக்கட்டும். அந்த நரம்பத்தான் நான் கட்டிக்கினேன். முப்பது வருசமா அந்த உடம்புகூடத்தான் சண்டை போட்டேன், கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கனேன், புள்ள பெத்தேன். ஆத்மாவ நான் ஒரு நாளும் பாத்ததில்ல. போறதுன்னா போவட்டும். உடம்ப நான் வுட மாட்டேன்."



"நீங்க படற பேஜாரப் பாக்க முடியாமத்தான் அண்ணி சொன்னேன்."

"என் பேஜார நான் பாத்துக்கறேன். இன்னிக்கு அவருக்குத் தாடி வழிக்கணும். தலையப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும். வர்றதுன்னா வாங்க தம்பி."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். கொழுந்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பின்னால் இறங்கினார்.